காட்டில் எவ்வளவு எடுக்கலாம், தெரிந்ததில் எதை வெளியே சொல்லலாம்?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். ஊரையொட்டிய காட்டிலிருந்து மக்கள் தலைமுறைகளாகப் பழம், பட்டை, கிழங்கு, மூலிகை எடுக்கிறார்கள். வெளியிலிருந்து வாங்க ஆள் வரத் தொடங்கியபின் சில செடிகள் குறைந்துவிட்டன. பெரியவர்களுக்குத் தெரிந்ததையும் ஆய்வாளர்கள் சொல்வதையும் சேர்த்து ‘இவ்வளவுதான் எடுக்கலாம்’ என்று ஒரு அளவு வகுக்க முடியுமா என்பது முதல் கேள்வி. அப்படிச் சேர்த்து எழுதி வைத்தால் அந்த அறிவை வேறு யாராவது கொண்டுபோய்க் காப்புரிமை வாங்கிவிட மாட்டார்களா என்பது இரண்டாவது. முதலாவதற்கு என் பதில்: முடியும், ஆனால் அந்த அளவை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து தர முடியாது, உங்கள் காட்டிலேயே எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவதற்கு: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் செடியைக் காப்பாற்றத் தேவையான அறிவும் கம்பெனிகள் தேடி வருகிற அறிவும் பெரும்பாலும் வேறுவேறு. முன்னதைத் தாராளமாகப் பகிரலாம், பின்னதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

நான் தாவரச் சூழலியல் படித்தவன். சிறு வனப் பொருள் (காட்டில் மரத்தடி தவிர மற்றவை) சேகரிக்கிற மக்களோடு சேர்ந்து மரம் எண்ணுவதும் கன்று எண்ணுவதும்தான் பல ஆண்டுகளாக என் வேலை. எனவே செடி எப்படிப் பிழைக்கிறது என்பதைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசுவேன். சட்டம் என் துறை இல்லை. அதில் பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், உங்கள் நாட்டின் விதிகளை அறிந்த ஒருவரிடம் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுதியானதிலிருந்து ஆரம்பிக்கிறேன். எவ்வளவு எடுக்கிறோம் என்பதற்கு முன்னால், செடியின் எந்தப் பகுதியை எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நூறு ஆண்டு வாழ்கிற ஒரு மரம் தன் வாழ்நாளில் லட்சக்கணக்கில் விதை போடுகிறது. அதன் இடத்தை நிரப்ப அவற்றில் ஒன்றே ஒன்று பிழைத்தால் போதும். அதனால் அப்படிப்பட்ட மரத்தில் பழத்தின் பெரும்பங்கை எடுத்தாலும் மரக்கூட்டம் தாங்கும். ஆனால் வளர்ந்த மரங்களில் ஆண்டுக்குச் சில கூடுதலாகச் செத்தாலே கூட்டம் சரியத் தொடங்கிவிடும். எந்தக் காட்டில் எந்த நெடுநாள் மரத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும் அநேகமாக இதே முடிவுதான் வருகிறது. ஆகவே பழம், விதை, உதிர்ந்த இலை எடுப்பது குறைந்த ஆபத்து. பச்சை இலையும் கொழுந்தும் நடுத்தரம். பட்டையும் வேரும் கிழங்கும் அதிக ஆபத்து, ஏனென்றால் அங்கே எடுப்பது செடியின் உயிரையே தொடுகிறது. பழத்துக்காகக் கிளையை வெட்டிச் சாய்க்கிற பழக்கம் எங்காவது இருந்தால் அதைப் பட்டை எடுப்பதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், பழத்தோடு அல்ல.

கிழங்கிலும்கூட எடுக்கிற விதம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுகிறவர்கள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். கொடி வாடி இலை மஞ்சளாகிற வரை காத்திருக்கிறார்கள். குழி தோண்டிக் கிழங்கின் கீழ்ப்பகுதியை மட்டும் உடைத்து எடுத்துக்கொண்டு, கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை அப்படியே விட்டு, கிளறிய மண்ணைத் தளர்வாக மூடிவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு அந்தத் தலையிலிருந்தே கொடி கிளம்புகிறது. தளர்ந்த மண்ணில் புதுக் கிழங்கு இறங்குவதும் சுலபம். ஒரு மூதாட்டி தோண்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மண்ணை மூடிய பிறகு மேலே சருகை இழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, பன்றி கண்டுபிடிக்காமல் இருக்க என்றார். சருகு ஈரத்தையும் காக்கும் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். அது தெரியும், ஆனால் பன்றிதான் முக்கியம் என்று பதில் வந்தது. எந்தக் காரணம் முதன்மையானது என்பதில் அவர் சொன்னதையே நான் எடுத்துக்கொள்வேன், அந்தக் குழிகளுக்கு ஆண்டுதோறும் திரும்பி வருகிறவர் அவர்தானே.

அடுத்தது கன்றுகள். ஒரு மரவகை நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய மரங்களைப் பார்த்துப் பயனில்லை. முழங்கால் உயரக் கன்று, கட்டைவிரல் தடிமன், மணிக்கட்டுத் தடிமன், தொடைத் தடிமன், முழு மரம் என்று பிரித்து எண்ணிப் பாருங்கள். சின்னவை மிக அதிகமாகவும் பெரியவை குறைவாகவும் இருந்தால் பொதுவாக நல்ல அறிகுறி. நடுவில் ஒரு அளவே காணாமல் போயிருந்தால், சில பத்தாண்டுகளுக்கு முன்னால் ஏதோ நடந்திருக்கிறது. அது அறுவடையாக இருக்கலாம், மேய்ச்சலாக இருக்கலாம், தீயாக இருக்கலாம். சில மரவகைகள் வெளிச்சம் விழும் இடத்தில்தான் முளைக்கும், அவற்றுக்கு அடர்ந்த காட்டுக்குள் கன்று இல்லாதது இயல்பு. அதனால் எண்ணிக்கை கேள்வியை எழுப்புமே தவிர, பதிலைத் தானாகச் சொல்லிவிடாது.

இதற்கு அமேசானின் பிரேசில் நட் மரம் நல்ல சாட்சி. காட்டில் விழும் காய்களைப் பொறுக்கி விற்றுத்தான் அங்கே ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன. பிரேசில், பெரு, பொலிவியா நாடுகளில் 23 இடங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. நெடுங்காலமாகத் தீவிரமாகக் காய் பொறுக்கப்பட்ட இடங்களில் இளமரங்கள் கிட்டத்தட்ட இல்லை என்று அது காட்டியது. பலருக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆனால் பிறகு வந்த ஆய்வாளர்கள் வேறொரு இடத்தில் எண்ணினார்கள்: பயிர் செய்துவிட்டுத் தரிசாக விட்ட பழைய கொல்லைகளில். அங்கே இந்த மரத்தின் கன்றுகள் நெருக்கமாக நின்றன. விதையைப் புதைத்து வைத்துச் சாப்பிடும் அகூட்டி என்ற கொறிக்கும் விலங்கு சிலவற்றை மறந்துவிடுகிறது. திறந்த வெளிச்சத்தில் அவை வேகமாக வளர்கின்றன, வெட்டிய இடத்திலிருந்தும் துளிர்க்கின்றன. முதல் ஆய்வு தவறு என்று நான் சொல்லவில்லை. அடர்காட்டுக்குள் அது கண்டது உண்மைதான். ஆனால் மரத்தின் அடுத்த தலைமுறை எங்கே வளர்கிறது என்பது அந்தக் கொல்லையில் பயிர் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்தபிறகுதான் முழுப் படம் கிடைத்தது.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினரும் அங்குள்ள நெல்லி மரங்களும். ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்து அவர்களோடு வேலை செய்தது. நெல்லிக்காய் அதிகமாகப் பறிக்கப்படுவதால் மரங்கள் குறைகின்றனவோ என்பது வெளியாட்களின் இயல்பான சந்தேகம். சோலிகர்கள் வேறு காரணம் சொன்னார்கள்: புல்லுருவி. நெல்லிக் கிளைகளில் ஒட்டி வளரும் இந்தச் செடி மரத்தின் சாற்றை உறிஞ்சி, காய்ப்பைக் குறைத்து, கடைசியில் கிளையையே கொன்றுவிடுகிறது. முன்பெல்லாம் கோடைக்கு முன்னால் தாழ்வான சருகுத்தீ வைப்போம், அப்போது புல்லுருவியும் கட்டுக்குள் இருந்தது, உண்ணிச்செடியும் (லாண்டனா) இப்படிப் புதராக மண்டவில்லை. காடு சரணாலயமாகித் தீ வைப்பது நின்றபின்தான் இரண்டும் பெருகின என்றார்கள். மரங்களுக்கு எண் போட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பழம் பறிப்பதால் வரும் பாதிப்பு சிறியது, புல்லுருவியால் வரும் பாதிப்பு பெரியது என்பது தெரிந்தது. அந்தப் பாதியில் சோலிகர் சொன்னது எண்களாலும் உறுதியாகிவிட்டது. தீயைப் பற்றிய பாதி இன்னும் அவ்வளவு உறுதியாகவில்லை. அது பொருந்தி வருகிற விளக்கம்தான், ஆனால் உண்ணிச்செடி மண்டிய இன்றைய காட்டில் தீ வைத்தால் அது பழைய தாழ்வான தீயாக இருக்காது, புதரேறிக் கொழுந்துவிட்டு எரியும். பழைய காட்டுக்குச் சரியாக இருந்த பழக்கத்தை மாறிப்போன காட்டில் அப்படியே திரும்பக் கொண்டுவர முடியுமா என்பது இன்றும் திறந்த கேள்வி.

அதே இடத்திலிருந்து இன்னொன்றும் கற்கலாம். 2000களின் நடுவில் சரணாலயத்துக்குள் வனப்பொருள் சேகரித்து விற்பது தடை செய்யப்பட்டது. மரமேறி நெல்லி பறிக்கிறவர்தான் புல்லுருவியை வெட்டித் தள்ளவும் முடியும். அவரைக் காட்டுக்கு வெளியே நிறுத்தினால் மரத்தைப் பார்க்கும் கண்களும் போய்விடுகின்றன. பிறகு 2011இல் வன உரிமைச் சட்டப்படி அங்குள்ள கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. முடிவெடுக்கும் உரிமை கையில் இல்லாத மக்களிடம் போய் ‘உங்கள் அறிவைப் பகிருங்கள்’ என்று கேட்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை. சொன்னவருக்கு அதனால் எதையும் மாற்ற முடியாது என்றால் அவர் எதற்காகச் சொல்ல வேண்டும்?

இதுவரை சொன்னதை வைத்துப் பெரியவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மரபறிவு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஊரில் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நேபாளத்தின் டோல்போ பகுதியில் சடாமாஞ்சில் போன்ற மலை மூலிகைகளைப் பற்றி நடந்த ஆய்வில், அம்ச்சி எனப்படும் திபெத்திய மரபு வைத்தியர்களுக்கும் விற்பனைக்காகத் தோண்டுகிறவர்களுக்கும் தெரிந்தவை வெகுவாக வேறுபட்டன. செடி எப்போது விதை போடும், எத்தனை ஆண்டில் திரும்ப வளரும் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே யார் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஆண்கள் போகும் இடமும் பெண்கள் போகும் இடமும் பெரும்பாலும் வேறு, எடுக்கும் செடியும் வேறு. ஊர்த்தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு ‘ஊர் சொன்னது’ என்று எழுதுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கிற குறை.

இன்னொரு எல்லையும் உண்டு. பழைய பழக்கங்கள் பழைய தேவைக்கு உருவானவை. ஒரு குடும்பத்தின் காய்ச்சலுக்கு ஒரு கைப்பிடிப் பட்டை எடுத்த காலத்து வழக்கம், லாரி வந்து நிற்கும்போது தாங்காது. ஆப்பிரிக்க மலைக்காடுகளில் வளரும் புரூனஸ் ஆப்பிரிக்கானா மரத்தின் பட்டை, புரோஸ்டேட் வீக்கத்துக்கான மருந்துக்காக ஐரோப்பாவுக்கு டன் கணக்கில் போனது. மரத்தைச் சுற்றி முழுதும் உரிக்காமல், எதிரெதிராக இரண்டு கால்பங்குப் பட்டையை மட்டும் எடுத்துவிட்டுச் சில ஆண்டுகள் ஆறவிட வேண்டும் என்ற முறை கேமரூனில் கற்றுத்தரப்பட்டது. முறை நல்லதுதான். ஆனால் விலைக்காக ஆட்கள் வந்து குவிந்தபோது, நான் விட்டுவைத்ததை அடுத்தவன் உரிப்பான் என்ற நிலையில் பலர் அதைப் பின்பற்றவில்லை. 1995இல் அந்த மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் கேமரூனிலிருந்து இறக்குமதியையே நிறுத்தியது. செடியைப் பற்றிய அறிவில் அங்கே குறையில்லை. யார் எடுக்கலாம், யார் தடுக்கலாம் என்பதில்தான் குறை.

சரி, சந்தேகமானவற்றுக்கு வருகிறேன். ‘30 சதவீதம் எடுங்கள், 70 சதவீதம் விடுங்கள்’ என்பது போன்ற எண்களைக் கையேடுகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு குறிப்பிட்ட காட்டில் ஒரு குறிப்பிட்ட செடியை எண்ணி வந்த எண் என்றால் அதற்கு மதிப்புண்டு. பொதுவிதியாகச் சொல்லப்பட்டால் அதைத் தொடக்க ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே செடி ஈரச் சரிவில் தாங்குவதை வறண்ட சரிவில் தாங்காது. நல்ல மழை ஆண்டில் தாங்குவதைப் பஞ்ச ஆண்டில் தாங்காது. மூன்று நான்கு ஆண்டு எண்ணிக்கையை வைத்து நூறாண்டு மரத்தின் எதிர்காலத்தைக் கணிப்பதில் எங்கள் கணித மாதிரிகளுக்கும் பலவீனம் உண்டு. எடுக்காமல் விடுவதே எப்போதும் பாதுகாப்பானது என்பதும் சந்தேகத்துக்குரியதே. வட அமெரிக்காவில் கூடை முடைகிற பழங்குடியினர் பயன்படுத்தும் நறுமணப் புல்லை வைத்து நடந்த சோதனையில், முறையாக அறுத்த பாத்திகள் செழித்தன, தொடாமல் விட்ட பாத்திகள் மங்கின. இது அடியிலிருந்து தூர் விடும் புல்லுக்குப் பொருந்தும். மரப்பட்டைக்கு இதை நீட்டிச் சொல்லக்கூடாது.

இனி இரண்டாவது கேள்வி. கம்பெனிக்கு வேண்டியது ‘இந்தச் செடி எதற்கு நல்லது, எதோடு சேர்த்து எப்படிக் கொடுப்பது’ என்ற அறிவு. காட்டைக் காக்க வேண்டியது ‘எங்கே முளைக்கும், எப்போது காய்க்கும், எதைத் தின்று எது பரப்பும், வெட்டினால் துளிர்க்குமா’ என்ற அறிவு. நான் வேலை செய்யும் இடங்களில் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்: மருந்துப் பயனை என்னிடம் சொல்ல வேண்டாம், என் குறிப்பேட்டில் அதற்கு இடமே இல்லை. அப்புறம் பேச்சு இலகுவாகிவிடும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும், அரிய செடி நிற்கும் சரியான இடம். அதைப் பொதுவில் போட்டால் மருந்துப் பயன் தெரியாதவர்கூட வந்து பிடுங்கிப் போய்விடுவார்.

மருந்துப் பயனைப் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அகத்தியமலைப் பழங்குடியினரான காணிக்காரர்களின் கதை எல்லோரும் அறிய வேண்டியது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டியாக வந்த காணிக்காரர்கள் ஒரு சிறு செடியின் காய்களைத் தின்றபடி களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். கேட்டு வாங்கிய அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, ஒரு தனியார் நிறுவனத்துக்கு உற்பத்தி உரிமம் தந்தது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. அதற்காக அவர்களுடைய அறக்கட்டளை 1997இல் பதிவானது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு பங்கு தருவதே அபூர்வம், அந்த விஞ்ஞானிகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் சிக்கல்கள் வந்தன. காணிக்காரர்கள் தின்றது காய், மருந்துக்கு வேண்டியதோ இலை. இலைக்குத் தேவை கூடியதும் காட்டில் செடி அழியும் என்று வனத்துறை தடுத்தது. சொன்னவர்கள் சிலர், ஆனால் காணிக்காரர் குடியிருப்புகள் பல. எங்களைக் கேட்காமல் எப்படிச் சொன்னீர்கள் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பணத்தால் பதில் சொல்ல முடியாது. பகிர்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது.

காப்புரிமைத் திருட்டைப் பொறுத்தவரை எழுதி வைப்பது சில சமயம் கேடயமாகவும் ஆகும். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல் சான்றுகளைக் காட்டியதால் 1997இல் ரத்தானது. அதன் பிறகுதான் ஏட்டில் உள்ள மருத்துவ அறிவைக் காப்புரிமை அலுவலகங்கள் மட்டும் தேடிப் பார்க்கும்படி ஓர் எண்ம நூலகமாக இந்தியா தொகுத்தது. ஆனால் மஞ்சள் ஏற்கெனவே நூல்களில் இருந்தது. வாய்வழியாக மட்டும் ஒரு சமூகத்திடம் இருக்கிற அறிவுக்கு இதே வழி பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. முதல்முறையாக எழுத்தில் வருவதே அதை வெளியே கொண்டுவந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் ஹூடியா என்ற கள்ளி போன்ற செடியின் பசியடக்கும் குணத்தை சான் என்ற பழங்குடி மக்கள் அறிந்திருந்தார்கள். அங்குள்ள அரசு ஆய்வு மன்றம் அவர்களைக் கேட்காமலே 1990களில் காப்புரிமைக்குப் போனது, போராட்டத்துக்குப் பிறகு 2003இல்தான் பங்கு தரும் ஒப்பந்தம் வந்தது. மருந்தாக்க முயன்ற பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகின, எதிர்பார்த்த பெரும் வருமானம் வரவே இல்லை. 2010இல் உருவாகி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா என்ற பன்னாட்டு ஒப்பந்தம், முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும், பயனில் பங்கு தர வேண்டும் என்று சொல்கிறது. அது காகிதத்தில் உள்ள பலம். அதை உங்கள் ஊர் பயன்படுத்த வேண்டுமானால், யாருடைய சம்மதம் ஊரின் சம்மதம் என்பதை ஊர் தனக்குள் முதலில் முடிவு செய்திருக்க வேண்டும்.

நடைமுறையில் இப்படித் தொடங்குங்கள். குறைந்துவிட்டது என்று ஊரே ஒத்துக்கொள்கிற இரண்டு மூன்று செடிகளை மட்டும் எடுங்கள். சேகரிக்கப் போகிறவர்களோடு, அவர்கள் போகும் பாதையிலேயே நடந்து, ஒவ்வொரு செடிக்கும் சில நிரந்தரக் கட்டங்களைக் குறியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே மாதத்தில் அதே கட்டங்களில் கன்றையும் மரத்தையும் அளவு பிரித்து எண்ணுங்கள். எடுத்த மூட்டைகளின் எடையையும், ஒரு மூட்டை நிரப்ப எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போனால் அதைவிடத் தெளிவான எச்சரிக்கை இல்லை. எண்ணுவதற்கு முன்னால் பெரியவர்களிடம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டு அதையும் எழுதி வையுங்கள், பிறகு ஒப்பிடலாம். இரண்டும் வேறுபடும் இடத்தில் யார் சரி என்று வாதாடாமல் அந்த இடத்துக்கே சேர்ந்து போய்ப் பாருங்கள். குறிப்பேட்டின் மூலப்பிரதி ஊரில் இருக்கட்டும், ஆய்வாளர் நகல் எடுத்துக்கொள்ளட்டும், வெளியிடுவதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டட்டும். பட்டையும் கிழங்கும் உங்கள் பட்டியலில் இருந்தால் அவற்றுக்கு மட்டும் எண்ணிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம், விற்பனைக்கு எடுப்பதை இப்போதே நிறுத்திவைக்க ஊரில் பேசுங்கள். பழத்துக்கு அந்த அவசரம் இல்லை.

எந்தச் செடிகள் குறைந்தன, எந்தப் பகுதியை எடுக்கிறீர்கள், எந்த மாதத்தில் எடுக்கிறீர்கள் என்று கீழே எழுதினால், அந்தந்தச் செடிக்கு எதை எண்ணுவது என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன். அது எந்த நோய்க்கு மருந்து, காட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம்.